ஸ்டிக்கா, பாக்ஸா: உங்கள் தொலைக்காட்சிக்கு எது பொருந்தும்?

இணையம் வழியே வரும் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் ஸ்ட்ரீமிங் கருவிகள் ஸ்டிக், பாக்ஸ் என இரு வடிவங்களில் கிடைக்கின்றன. எச்டிஎம்ஐ போர்ட்டில் நேரடியாகச் செருகப்படும் ஸ்டிக், தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைந்துவிடும். பயணத்துக்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் அதற்கான மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே எடுத்தால், யுஎஸ்பி 2.0 வரையறைப்படி அங்கு 0.5 ஆம்பியர் மட்டுமே கிடைக்கக்கூடும் என்பதால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக் அணைந்து மீண்டும் தொடங்க வாய்ப்புண்டு. உடன் தரப்படும் அடாப்டரை ஒதுக்கிவைக்காதீர்கள்.

பாக்ஸ் சற்று இடத்தை அடைத்துக்கொள்ளும், விலையும் பொதுவாகக் கூடுதல். எனினும் ரவுட்டரிலிருந்து வரும் இணையக் கேபிளைச் செருகுவதற்கான ஈதர்நெட் போர்ட் உள்ள பாக்ஸாக இருந்தால், ரவுட்டர் தொலைவில் இருந்து வைஃபை தடுமாறும் வீட்டிலும், கேபிள் இழுக்க முடிகிறவரை, 4கே படங்கள் சுற்றிக்கொண்டே நிற்காமல் ஓடும். அதற்காகவே பாக்ஸை வாங்கலாம் என்பேன். ரவுட்டர் அதே அறையில் இருந்தாலோ, தொலைக்காட்சி 4கே தரத்தில் இல்லாவிட்டாலோ, ஸ்டிக்கே போதும்.