தீர்மானம் எது, முன்மொழிவு எது: கூட்ட நடைமுறைப் பயிற்சி வகுப்பு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற முதலாண்டில், துணைக்குழுவின் அறிக்கை வாசிக்கப்பட்டதும் ‘அறிக்கை ஏற்கப்பட்டது’ என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதினேன். அறிக்கை பெறப்பட்டது என்பதே நான் சொல்ல வந்தது. ஆனால் அதிலிருந்த பரிந்துரைகள் அனைத்துக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளித்துவிட்டதாகச் சில உறுப்பினர்கள் வாதிட்டனர். அந்த ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துவதிலேயே அடுத்த இரண்டு கூட்டங்கள் கழிந்தன. அதன் பிறகுதான், கூட்ட நடைமுறைச் சொற்களை விளக்கும் ஆறு அமர்வுகள் கொண்ட இணையவழிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன்.

முதல் அமர்விலேயே வகுப்பின் தரம் தெரிந்தது. அவையின் முன் ஒருவர் வைக்கும் கோரிக்கை முன்மொழிவு என்றும், வாக்கெடுப்பில் அவை அதை ஏற்றுக்கொண்ட பிறகே அது தீர்மானம் ஆகிறது என்றும் பயிற்றுநர் பிரித்துக் காட்டினார். தமிழில் நாம் ‘தீர்மானம் கொண்டுவந்தார்’, ‘தீர்மானம் நிறைவேறியது’, ‘தீர்மானம் தோற்றது’ என்று மூன்று நிலைகளுக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறோம். தீர்க்கப்படாத ஒன்றையும் தீர்மானம் என்றே அழைக்கும் இப்பழக்கத்தால், பல ஆண்டுகள் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டுபவருக்கு முடிவு எடுக்கப்பட்டதா, முடிவு கோரப்பட்டதா என்பது விளங்காமல் போகிறது. இலங்கைத் தமிழில் முன்மொழிவுக்குப் ‘பிரேரணை’ என்ற தனிச்சொல் இன்றும் வழக்கில் இருப்பது இந்த வகையில் பெரும் வசதி.

வகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது பெரும்பான்மை பற்றிய மூன்றாம் அமர்வு. ஐம்பது உறுப்பினர் கொண்ட அமைப்பில் முப்பது பேர் வந்திருக்க, பன்னிருவர் ஆதரித்து, ஒன்பது பேர் எதிர்த்து, ஒன்பது பேர் வாக்களிக்காமல் இருந்தால் முன்மொழிவு வென்றதா என்ற கேள்வியை வைத்தே முழு அமர்வும் நகர்ந்தது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் என்று விதி இருந்தால், இருபத்தொன்றில் பன்னிரண்டு போதும், வென்றது. வந்திருப்போரில் பாதிக்கு மேல் என்றால் பதினாறும், மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் என்றால் இருபத்தாறும் வேண்டும், தோற்றது. பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு என்றாலோ பதினான்கு தேவைப்படும்; அப்போதும் தோல்விதான். ‘பெரும்பான்மையால் நிறைவேறியது’ என்று மட்டும் எழுதி வந்த நான், எதன் பெரும்பான்மை என்பதையும் சேர்த்து எழுத அன்றே தொடங்கிவிட்டேன். ‘ஒருமனதாக’ என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும்: சிலர் வாக்களிக்காமல் இருந்திருந்தால் ‘எதிர்ப்பின்றி நிறைவேறியது’ என்பதே நேர்மையான பதிவு.

ஒத்திவைப்பு பற்றிய அமர்வில் வரலாறும் கலந்து வந்தது. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர், தாம் தலைமை தாங்கிய கூட்டம் ஒன்று கட்டுக்கடங்காமல் போனதால் இத்துறையைக் கற்கத் தொடங்கி, 1876இல் தம் விதித்தொகுப்பை வெளியிட்டார். அவ்வழியில், ஒரு பொருளை ‘மேசையில் வைப்பது’ என்றால் அதை இப்போதைக்கு விலக்கி வைப்பது. பிரிட்டிஷ் வழக்கிலோ விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சொல்லால் இரு நாட்டுப் படைத்தலைமைகளும் ஒரே கருத்தில் இருந்தும் நெடுநேரம் வாதிட்டதை அறிந்தபோது, என் குறிப்பேட்டுச் சிக்கல் அத்தனை அரிதானதன்று எனப் புரிந்தது. குறித்த நாளுக்குத் தள்ளிவைப்பதற்கும், நாள் குறிக்காமல் தள்ளிவைத்து முன்மொழிவையே கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே நன்றாக விளக்கப்பட்டது. திருத்தங்கள் பற்றிய அமர்வு வழக்கமான தரத்தில் இருந்தது.

குறைகள் இரண்டு. ராபர்ட்டின் விதிகளே எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தை வகுப்பு உண்டாக்குகிறது. நாட்டின் சட்டமும் அமைப்பின் சொந்தத் துணைவிதிகளும் அவற்றுக்கு மேலானவை என்பது இறுதி அமர்வில் ஒரே வரியில் வந்து போனது. சமநிலை வாக்கில் முன்மொழிவு தோற்றதாகக் கொள்வதா, தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு உண்டா என்பதைத் துணைவிதியைப் பார்த்தே சொல்ல முடியும். ஆகவே அந்த வரி முதல் நாளே வந்திருக்க வேண்டும். மற்றது, தந்த சொற்பட்டியலில் முன்பு எடுத்த முடிவை ‘மறுபரிசீலனை செய்தல்’, ‘ரத்து செய்தல்’ ஆகிய இரண்டும் ஒரே பொருளில் அச்சாகியிருந்தன. முதலாவதில், வென்ற பக்கம் வாக்களித்த ஒருவரே குறுகிய காலத்துக்குள் முன்மொழிய வேண்டும். இரண்டாவதை எந்த உறுப்பினரும் பின்னாளில் கொண்டுவரலாம். சொல்துல்லியத்தைக் கற்பிக்கும் வகுப்பில் இப்பிழை இருக்கலாகாது.

புதிதாகச் செயலாளர் பொறுப்பேற்போர் தங்கள் துணைவிதிகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டு, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வகுப்பில் அமர்வது நல்லது. தலைவர்களுக்கு முதல் மூன்று அமர்வுகளே போதும்.