மக்னீசியத்துக்குப் பாஸ்பேட் பூச்சு: ஏழு ஆண்டுகள் கையாண்டதில் தெரிந்தது

கோவையில் எங்களுடையது சிறிய பட்டறை. மரம் அறுக்கும் கை இயந்திரங்களின் மக்னீசிய வார்ப்பு உறைகளுக்குப் பாஸ்பேட் பூச்சு ஏற்றி, மேலே பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயிண்ட்) அடித்துத் தருகிறோம். அந்த இயந்திரங்களில் பாதிக்கு மேல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில்தான் ஓடுகின்றன. மழையும் வியர்வையும் ஈர மரத்தூளும் ஓயாமல் படும் பிழைப்பு அது.

மக்னீசியம் இரும்பைப் போலச் சிவந்து துருப்பிடிக்காது, வெள்ளையாகப் பூக்கும். பெயிண்டுக்கு அடியில் பூத்துவிட்டால் கொப்புளம் கிளம்பும். நகத்தால் கீறினால் மாவு கொட்டும். முதல் ஆண்டு நான் செய்த தவறு, பாஸ்பேட் ஒன்றே போதும் என்று நம்பியது. பெயிண்ட் அடிக்காத உறைகளைக் காகிதத்தில் சுற்றி வைத்தோம். ஐப்பசி மழை முடிந்து பிரித்தால் பாதிக்கு மேல் பூத்திருந்தன. அந்தப் பூச்சு நெருங்கி நிற்கும் படிகங்களால் ஆனது, இடையிடையே நுண்துளைகளும் விரிசல்களும் உண்டு. பெயிண்டுக்குப் பிடிமானம் தருவதில் அதற்கு நிகரில்லை. தனியாக நிற்கச் சொன்னால் நிற்காது.

தொட்டியில் நடப்பது அழகான வேலை. துத்தநாகமும் பாஸ்பேட்டும் கலந்த அமிலக் கரைசலில் மக்னீசியம் சற்றே கரைய, ஹைட்ரஜன் குமிழிகள் எழும். அதனால் உலோகத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் அமிலத்தன்மை குறைகிறது. அங்கேதான் துத்தநாக பாஸ்பேட் கரைசலில் இருக்க முடியாமல் படிகமாகப் படிகிறது. அமிலம் மிஞ்சினால் உலோகம் அரிக்கும், குறைந்தால் பூச்சு ஏறாது. எங்களுக்கு வருவது ஏஇசட்91டி என்ற மக்னீசியக் கலவை, அதாவது 9 சதவீதம் அலுமினியமும் 1 சதவீதம் துத்தநாகமும் கலந்தது. அலுமினியம் செறிந்த திட்டுகளில் பூச்சு வேறு மாதிரி ஏறும். ஆகவே எண்ணெய் நீக்குவதிலும் அமிலத்தில் அலசுவதிலும் அவசரமே கூடாது. அலசிய பிறகு தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை என்று பொருள்.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு ஆண்டுகள் கொப்புளம் கிளம்புவது நிற்கவில்லை. தொட்டியைச் சந்தேகித்தோம், பவுடரைச் சந்தேகித்தோம். கடைசியில் என் மனைவிதான், "கழுவுகிற தண்ணீரை மாற்றிப் பாருங்கள்" என்றார். வீட்டிலிருந்து நான்கு குடம் சிறுவாணித் தண்ணீர் கொண்டுபோய் ஒரு தட்டு உறைகளை மட்டும் கடைசியாக அலசினோம். அந்த மழைக்காலத்தில் அவற்றில் ஒன்றுகூடப் பூக்கவில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, படிகங்களுக்கு இடையே தங்கி உள்ளிருந்தே அரித்திருக்கிறது. குளோரைடைப் போல மக்னீசியத்துக்குப் பகை வேறில்லை. மறுமாதமே ஆர்ஓ இயந்திரம் வாங்கினோம். பட்டறையில் நான் போட்ட பணத்தில் இதற்குத்தான் முழுப் பலன் கிடைத்தது.

முன்பு இந்த வேலைக்கு குரோமேட் பூச்சுதான் வழக்கம். அது உறுதியானதுதான். ஆனால் அதிலுள்ள ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. கழிவுநீரால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதைத் தொடவே மாட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மக்னீசியச் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உலர்ந்த மணலை வாரிப் போடுங்கள்.

பூச்சு சரியானபின் புகார் போல்ட்டில் வந்தது. "தம்பி, உறை முழுக்க நன்றாக இருக்கிறது, போல்ட்டைச் சுற்றி மட்டும் குழி விழுகிறதே?" என்று பொள்ளாச்சி விவசாயி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். எஃகு போல்ட், மக்னீசியம், நடுவே ஈரம்: மூன்றும் சேர்ந்தால் மின்கலம்தான், அதில் கரைவது மக்னீசியம். எந்தப் பூச்சும் அதைத் தடுத்துவிடாது. மக்னீசியத்தோடு ஒத்துப்போகும் 5052 ரக அலுமினிய வாஷர் போட்டு, இணைப்பில் ஈரம் புகாதபடி அடைத்துக் கொடுத்தோம்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே இயந்திரம் சென்ற மாதம் பழுதுபார்க்க வந்தது. போல்ட் தலைகளைச் சுற்றிப் பெயிண்ட் இறுக்கமாகவே இருக்கிறது. கைப்பிடி ஓரத்தில், கல்லில் உரசிய ஒரு கீறலில் மட்டும் வெள்ளை தெரிந்தது. அதைச் சுரண்டி, மறுபடி பூசித் திருப்பிக் கொடுத்தேன்.