குப்பியைக் காட்டாமல் போடும் போடாக்ஸ் ஊசி: எச்சரிக்கை

மதுரை பைபாஸ் சாலைப் பக்கம் உள்ள ஓர் அழகு நிலையத்தில், நெற்றிச் சுருக்கம் போக வேண்டும் என்று என் தங்கை போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் காலையில் அவளுடைய வலது இமை, கண்மணியைப் பாதி மறைக்கும் அளவுக்குத் தொங்கிவிட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்த மருந்து எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. கண்கள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும் இமைத்துடிப்பு நோய்க்காக, எங்கள் அம்மாவுக்குக் கண் மருத்துவர் இதைத்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை போடுகிறார். அமெரிக்காவில் 1989இல் இதற்கு முதல் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும்தான். புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்துக்கு 2002இல்தான் கிடைத்தது. அம்மாவுக்குப் போடும்போது, செவிலியர் குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் எங்களிடம் காட்டிய பிறகே சலைன் கலப்பார். எந்தப் புள்ளியில் எத்தனை யூனிட் போட்டார் என்பதை மருத்துவர் முகப் படத்தில் குறித்துவைப்பார்.

தங்கைக்கோ, வேக்சிங் சாமான்களுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் ஏற்கெனவே மருந்து ஏற்றி வைத்திருந்த சிரிஞ்சை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். போட்டவர் மருத்துவர் அல்லர். பில்லில் "ஸ்கின் பேக்கேஜ்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. இமை தொங்கியதும் நான் நேரில் போய்க் கேட்டபோது, "ஒண்ணுமில்லக்கா, நல்லா அமுக்கித் தேச்சு விடுங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றார்கள். தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவக்கூடும் என்பதால், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது என்றுதான் மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள். குப்பியைக் காட்டச் சொன்னேன், கடைசிவரை காட்டவில்லை.

இமை தொங்குவது தேர்ந்த மருத்துவரின் கையிலும் எப்போதாவது நேரக்கூடியதுதான். அதற்காக மட்டும் நான் யாரையும் குறை கூற மாட்டேன். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஆணையை போடாக்ஸ் என்னும் இந்த நச்சுப்புரதம் தடுக்கிறது. புருவத்திலிருந்து சற்றுக் கீழே பரவினால் இமையைத் தூக்கும் தசையும் செயலிழக்கும். தசைக்குள் இறங்கிவிட்ட மருந்தை முறிக்க மாற்று மருந்து கிடையாது, அதன் வீரியம் தானாகக் குறைய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று கண் மருத்துவர் சொன்னார். நிறுவனத்துக்கு நிறுவனம் யூனிட் அளவு மாறுபடுவதால், எந்த மருந்து, எவ்வளவு போட்டார்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.

ஆகவே, முத்திரை உடைக்காத குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்; பெயர், தொகுதி எண், யூனிட் மூன்றையும் எழுதி வாங்குங்கள்; மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் பில்லையும் தேதியுள்ள புகைப்படங்களையும் பத்திரப்படுத்தி, மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். நாங்களும் அப்படித்தான் செய்திருக்கிறோம். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், மருந்து உடலில் பரவியிருக்கக்கூடும். போட்டவர்களுக்குப் போன் செய்து காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.