கிரேக்கம், லத்தீன் முதுகலை: சேர்ந்து எட்டு வருடம் ஆன பிறகு

2017 முதல் 2019 வரை லண்டனில் பகுதிநேரமாகப் பண்டைக் கிரேக்கமும் லத்தீனும் முதுகலை படித்தேன். முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இன்றைக்கும் தினமும் இந்த இரண்டு மொழியிலும் வாசிக்கிறேன், அதனால் எது கையில் நின்றது என்று இப்போது தெரிகிறது. தமிழ் நன்றாகத் தெரிந்த யாராவது இந்தப் படிப்புக்குப் போகப்போகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வாக்கியத்தை ஆங்கிலம் வழியாகப் பிரிக்காதீர்கள். முதல் ஐந்து மாதம் நான் அப்படித்தான் பிரித்தேன். வாரா வாரம் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, அகராதி இல்லாமல் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். பாதியிலேயே நின்றுவிடுவேன்.

திருப்பம் நடந்தது செனட் ஹவுஸ் கட்டடத்தில் இருக்கும் செவ்வியல் ஆய்வு நூலகத்தில். லூக்கா நற்செய்தி 4:40, ‘தூனொந்தொஸ் தெ தூ ஹேலியூ’ என்று தொடங்குகிறது. சூரியன், மறைகிற, இரண்டும் ஆறாம் வேற்றுமையில் நிற்கின்றன. அதற்கு அப்புறம் வருகிற முதன்மை வாக்கியத்தின் எழுவாய் வேறு ஆட்கள். இலக்கணப் புத்தகம் இந்த அமைப்புக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருந்தது. நான் அந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளியில் நன்னூல் உரை வழியாகப் படித்த உதாரணம் சட்டென்று வந்தது: ‘ஞாயிறு பட வந்தான்.’ அதேதான். செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். லத்தீனில் ஐந்தாம் வேற்றுமை போன்ற ஒன்றை வைத்து ‘ஊர்பே காப்தா’ என்பார்கள், நகரம் வீழ. தமிழில் வேறொருவர் செய்தால் ‘வர’, அதே ஆள் செய்தால் ‘வந்து’ என்று நாம் யோசிக்காமலே மாற்றிச் சொல்கிறோம் அல்லவா, அந்த வித்தியாசத்தைத்தான் கிரேக்கம் வேற்றுமையை மாற்றிக் காட்டுகிறது. ‘எல்த்தோன்’ என்றால் வந்து. இதை ஆங்கிலத்தில் சொல்லப்போனால் வாக்கியம் நொண்டும். தமிழில் அப்படியே உட்காரும்.

இடைச்சொற்களிலும் இதே கதைதான். ‘மென்’, ‘தெ’ என்று இரண்டு சின்னச் சொற்கள் கிரேக்க உரைநடை முழுக்க எதிரும் புதிருமாக நிற்கும். ஒருபுறம், மறுபுறம் என்று பெயர்க்கச் சொல்லித் தருவார்கள், கேட்கவே மரக்கட்டை மாதிரி இருக்கும். பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் நீதிமன்ற உரையின் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் குற்றம் சாட்டியவர்கள் பேசியதைக் கேட்டு நீங்களோ என்ன ஆனீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஏதென்ஸ்காரர்களே. நானோ கிட்டத்தட்ட என்னையே மறந்துவிட்டேன். அந்த இரண்டு ஓகாரத்தில் எல்லாம் வந்துவிட்டது. ‘கெ’ என்ற சொல் பல இடங்களில் நம் ‘தான்’.

முதுகலையில் இளங்கலையை விடக் கூடுதலாகக் கிடைத்தது என்ன என்று கேட்டால், பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளைப் படிக்கக் கற்றது என்பேன். எந்தச் சுவடியில் என்ன பாடம், யார் என்ன திருத்தினார் என்ற பாடபேதக் குறிப்புகள் அவை. ஹோமரின் இலியட் காவியத்தின் ஐந்தாம் வரியில் மாண்ட வீரர்களின் உடல்கள் நாய்களுக்கும் ‘எல்லாப் பறவைகளுக்கும்’ இரையாயின என்று சுவடிகள் சொல்கின்றன. அலெக்சாந்திரியாவில் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஸெனோடோட்டஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டு, ‘எல்லா’ என்ற இடத்தில் ‘விருந்து’ என்று படித்தாராம். ‘எல்லா’ என்னும் ‘பாசி’யா, ‘விருந்து’ என்னும் ‘தைதா’வா? இந்த ஒரு சொல்லுக்கு ஒரு முழு வகுப்பு போனது. என் மனசு இன்னும் விருந்தின் பக்கம்தான், மனிதச் சடலத்துக்கு அந்தச் சொல்லை வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். பாப்பிரஸ் என்னும் பழங்கால நாணல் தாள்களைப் படிக்கும் வகுப்பில் இடைவெளியே இல்லாமல் ஓடும் எழுத்துகளைக் கண்டு பலர் மிரண்டார்கள். ஓலைச்சுவடியில் புள்ளியும் இடைவெளியும் இல்லாத வரிகளைப் பிரித்துப் பழகியவர்களுக்கு அது பழைய வீட்டு வாசல்.

அகராதி பற்றி. லிட்டெல், ஸ்காட் இருவரும் 1843இல் வெளியிட்டு, 1940இல் முடிந்த ஒன்பதாம் பதிப்பு வரை வளர்ந்த கிரேக்கப் பேரகராதியை எட்டு வருடமாகப் புரட்டுகிறேன். ஒரு சொல் எந்த ஆசிரியரிடம் எப்படி வந்தது என்று மேற்கோளோடு காட்டுவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் ‘லோகோஸ்’ போன்ற சொல்லைத் தேடினால் பத்தி பத்தியாக நீளும், தேடி வந்த பொருள் எங்கே என்று கண் தவிக்கும். உடல் சார்ந்த சொற்களை விக்டோரியா காலத்துக் கூச்சத்தோடு மூடி வைத்திருக்கும். 2021இல் வந்த கேம்பிரிட்ஜ் அகராதி இரண்டு தொகுதி, பொருளை முன்னால் வைத்து, சொல்ல வேண்டியதை நேராகச் சொல்கிறது. வாசிக்கும்போது முதலில் அதைத்தான் எடுக்கிறேன். கட்டுரை எழுதும்போது பழையது. லத்தீனுக்கு 1879இன் லூயிஸ், ஷார்ட் அகராதி இணையத்தில் இலவசம், பிற்கால லத்தீனும் அதில் உண்டு. முதல் வருடத்துக்கு அது போதும்.

ஒரு மனக்குறை உண்டு. ஜெர்மன் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சேரும்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஜெர்மன் கட்டுரைகளைக் கொடுத்து அடுத்த வாரத்துக்குள் படித்து வரச் சொன்னார்கள். வேலைக்கும் போய்க்கொண்டு இரவில் ஜெர்மன் இலக்கணம் படித்த அந்தக் குளிர்காலத்தில் இரண்டு நண்பர்கள் படிப்பையே விட்டார்கள். இருவரும் என்னைவிட நன்றாக லத்தீன் படிப்பவர்கள். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், ஆறு மாதம் முன்னதாகத் தொடங்கிவிடுங்கள்.

இப்போது வேலைக்குக் கிளம்பும் முன் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், பதினைந்து வரி. சிக்கலான வாக்கியம் வந்தால் பென்சிலை எடுத்து ஓரத்தில் தமிழில் எழுதுகிறேன்: வந்து, வர, ஓ, தான். அகராதியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.