அஸூரா, ஏடபிள்யூஎஸ்ஸா, சான்றிதழே வேண்டாமா? மூன்று முறை புதுப்பித்தவனின் கணக்கு

போன மாதம் என் அஸூர் (மைக்ரோசாஃப்டின் கிளவுட், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள்) அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழை மூன்றாவது முறையாகப் புதுப்பித்தேன். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன், பக்கத்தில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது, ஒரு ரூபாய் செலவில்லை. அதே வாரம் எங்கள் டீமில் பக்கத்து சீட்டில் இருக்கும் நண்பர், தன் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று வரியோடு 15,000 ரூபாய் கட்டிவிட்டு, பழைய நோட்டையெல்லாம் எடுத்து வைத்து முழுத் தேர்வுக்கு மறுபடி படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி வேலைதான் செய்கிறோம், 2022 கடைசியில் ஆளுக்கொரு தேர்வு எழுதினோம். அன்றைக்கு நாங்கள் பேசியதில் பாதிக்கு மேல் கேள்வித்தாள் எது கஷ்டம் என்பதுதான். பார்த்திருக்க வேண்டியது வேறு என்று இப்போது தெரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஆறு வருடம் விண்டோஸ் சர்வர் சப்போர்ட். மாதத்துக்கு ஒரு வார இறுதி பேட்ச்சிங் (சர்வர்களுக்கு அப்டேட் போடுவது), மீதி நாளெல்லாம் டிக்கெட் (பதிவாகும் புகார்கள்), ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிப்பது), விஎம்வேர் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டுவது). கிளையன்ட் ஒருவர் பின் ஒருவராக கிளவுடுக்குப் போக ஆரம்பித்தபோது நானும் போக வேண்டியதாயிற்று. ஆகவே நான் சொல்வது ஏற்கெனவே அட்மின் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

எல்லோரும் ஒப்பிடுகிற விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். அஸூரில் தேர்வின் பெயர் ஏஇசட் 104, 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். ஏடபிள்யூஎஸ்ஸில் சிஸ்ஆப்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்தது, 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து கிளவுட்ஆப்ஸ் இன்ஜினியர் என்று பெயர் மாறியிருக்கிறது, 720 வேண்டும், கட்டணம் 150 டாலர். நான் எழுதியபோது அஸூர் தேர்வுக்கு நம் ஊர் விலையில் வரியோடு ஐந்தாயிரத்துச் சொச்சம் ஆனது. இரண்டிலும் நெட்வொர்க், ஸ்டோரேஜ், ஐடென்டிட்டி, மானிட்டரிங் எல்லாம் உண்டு. நண்பர் எழுதியபோது ஏடபிள்யூஎஸ் தேர்வுக்குள்ளேயே லேப் இருந்தது, உண்மையான கன்சோலில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். 2023 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான், இரண்டில் அந்தத் தேர்வுக்கு இருந்த பெரிய மரியாதையே அந்த லேப்தான். அஸூர் தேர்வில் 2023-க்குப் பிறகு நடுவிலேயே மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களைத் திறந்து பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். நேரம் 100 நிமிடம்தான், தேடிக்கொண்டிருந்தால் முடிக்க முடியாது.

நான் அஸூரை எடுத்த காரணம் அப்போது ரொம்ப எளிமையானது. ஆக்டிவ் டைரக்டரி தெரிந்தவனுக்கு அங்கே பாதி வீடு தெரிந்த வீடு. குரூப், லைசென்ஸ், டொமைன் ஜாயின் என்று வார்த்தைகள் பழக்கமானவை. லினக்ஸ் பக்கமிருந்து வருகிறவருக்கு ஏடபிள்யூஎஸ் இதே மாதிரி இயல்பாக இருக்கும் என்று நண்பரைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, எனக்கு வந்த அழைப்புகளில் பெரிய நிறுவனங்களின் இன்ஃப்ரா சப்போர்ட் வேலைகள் அஸூரைக் கேட்டன, ஸ்டார்ட்டப்களும் ப்ராடக்ட் கம்பெனிகளும் ஏடபிள்யூஎஸ்ஸைக் கேட்டன. இது என் ரெஸ்யூமேக்கு வந்ததை வைத்துச் சொல்வது, உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

சரி, உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் வாங்குவது ஒரு நாள் வேலை, அதை உயிரோடு வைத்திருப்பது வருடக்கணக்கான வேலை. யாரும் இதை எழுதும் முன்னால் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

ஏடபிள்யூஎஸ்ஸில் மூன்று வருடம் செல்லும். மூன்று வருடம் நிம்மதி என்றுதான் தோன்றும். ஆனால் அது முடியும்போது அன்றைக்கு நடப்பில் இருக்கும் தேர்வை மறுபடி முழுதாக எழுத வேண்டும், அல்லது டெவ்ஆப்ஸ் ப்ரொஃபஷனல் மாதிரி மேல்படித் தேர்வு ஒன்றை பாஸ் செய்தால் கீழே இருப்பதும் சேர்ந்து புதுப்பிக்கப்படும், அதற்குக் கட்டணம் 300 டாலர். ஒரு தேர்வில் பாஸானால் அடுத்ததற்குப் பாதி விலை கூப்பன் தருகிறார்கள், அது நல்ல வசதி, ஆனால் நண்பர் அதை இடையில் வேறொரு தேர்வுக்குப் பயன்படுத்திவிட்டார். மூன்று வருடத்தில் அவர் ப்ராஜெக்ட் இரண்டு முறை மாறிவிட்டது, தேர்வில் இருந்த பாதி சர்வீஸ்களை அவர் கையால் தொட்டே நாளாகிவிட்டது. அதனால் இப்போது புதிதாகப் படிக்கிறவர் மாதிரியே படிக்கிறார்.

அஸூரில் ஒரே வருடம்தான். முன்பு இரண்டு வருடம் இருந்தது, 2021-இல் ஒன்றாகக் குறைத்தபோது பலர் திட்டினார்கள். ஆனால் அதோடு சேர்த்துப் புதுப்பித்தலை இலவசமாக்கினார்கள். காலாவதி தேதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே புதுப்பிக்கலாம். வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, புத்தகம் திறந்து பார்க்கலாம், சுமார் 25 கேள்விகள். ஃபெயிலானால் உடனே இன்னொரு முறை முயலலாம், அதற்கு மேல் என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி. பாஸானால் பழைய காலாவதி தேதியிலிருந்து ஒரு வருடம் கூடும், ஆகவே சீக்கிரம் எழுதினாலும் நாள் நஷ்டமில்லை.

இவ்வளவு சுலபமாக இருந்தால் அதற்கு என்ன மதிப்பு என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கண்காணிப்பு இல்லாத தேர்வை யார் வேண்டுமானாலும் யாரிடமாவது கேட்டு எழுதிவிடலாம். என் பதில், மதிப்பு அந்த 25 கேள்வியில் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து என்ன மாறியிருக்கிறது என்று படிக்க வேண்டியிருப்பதில் இருக்கிறது. கிளவுடில் பழைய அறிவு சும்மா இருப்பதில்லை, தப்பாகவே மாறிவிடுகிறது. 2023-இல் அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரே போய் என்ட்ரா ஐடி ஆயிற்று. 2024 ஆகஸ்ட் 31-ஓடு பழைய லாக் அனலிடிக்ஸ் ஏஜென்ட் (மெஷின்களின் பதிவுகளைச் சேகரித்து அனுப்பும் மென்பொருள்) நின்றது. 2025 செப்டம்பர் 30-ஓடு பேசிக் பப்ளிக் ஐபிக்கு (மெஷினை இணையத்திலிருந்து அடையும் முகவரியின் பழைய வகை) மூடுவிழா.

அந்தக் கடைசி விஷயம் எனக்கு நேரடியாக உதவியது. 2024 புதுப்பித்தலுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பேசிக் ஐபி போகப் போகிறது என்பதைக் கவனித்து, மறுநாள் எங்கள் கிளையன்ட் சப்ஸ்கிரிப்ஷனில் தேடினேன். பதினோரு ஐபி இருந்தது, யாரோ எப்போதோ போட்டது, யார் பட்டியலிலும் இல்லை. மாற்றுவது பெரிய வேலை இல்லை: டைனமிக்காக (மாறக்கூடியதாக) இருப்பதை ஸ்டாட்டிக் (நிலையானதாக) ஆக்கு, மெஷினிலிருந்து கழற்று, ஸ்டாண்டர்ட் என்ற புதிய வகையாக உயர்த்து, திரும்ப மாட்டு, அதே ஐபி நம்பர் இருக்கும். ராத்திரி 11 மணிக்குப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நேரத்தில் வரிசையாகச் செய்துகொண்டே வந்தோம். ஏழாவது மெஷின் மாட்டிய பிறகு யாராலும் உள்ளே போக முடியவில்லை. பத்து நிமிடம் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காரணம் என்னவென்றால், பேசிக் ஐபி இயல்பாகவே திறந்திருக்கும், ஸ்டாண்டர்ட் ஐபி இயல்பாகவே மூடியிருக்கும், என்எஸ்ஜி (நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப், யாரை உள்ளே விடலாம் என்ற விதிப்பட்டியல்) போட்டு அனுமதித்தால்தான் வெளியிலிருந்து உள்ளே விடும். அந்த மெஷினுக்கு இத்தனை வருடமாக என்எஸ்ஜியே இல்லை. இத்தனை வருடமாக ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது. என்எஸ்ஜி ஒன்று போட்டு, கிளையன்டின் அலுவலக ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுத்ததும் சரியாயிற்று. கெடு வருவதற்குப் பல மாதம் முன்பே எங்கள் பக்கம் வேலை முடிந்துவிட்டது. நான் புத்திசாலி என்பதால் இல்லை, நவம்பரில் என் சான்றிதழ் காலாவதியாக இருந்ததால்.

இப்போது முக்கியமான கேள்வி: இதனால் வேலை கிடைக்குமா? என் அனுபவத்தில் போன் வரும், அவ்வளவுதான். 2023-இல் நான் கம்பெனி மாறியபோது எச்ஆர் கேட்ட முதல் கேள்வி, ஏஇசட் 104 இருக்கிறதா, செல்லுபடியில் இருக்கிறதா என்பது. நிறுவனங்களுக்கு இதில் அவர்கள் கணக்கு ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் பார்ட்னர் தகுதிக்கும் ஏடபிள்யூஎஸ் பார்ட்னர் நிலைக்கும், சான்றிதழ் உள்ள ஊழியர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் வரும். காலாவதியான சான்றிதழ் அந்தக் கணக்கில் சேராது. சர்வீஸ் கம்பெனிகள் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும், ரெஸ்யூமேயில் செல்லுபடி தேதியைப் பார்ப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். பில் போட்டுத் திருப்பி வாங்கும் வசதி உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

நேர்காணலில் எதிரில் இருந்தவர் சான்றிதழைப் பற்றிப் பேசவே இல்லை. "நேத்து வரைக்கும் ஆர்டிபி போன விஎம், இன்னைக்குப் போகலை. எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?" என்றார். (ஆர்டிபி என்பது தொலைவிலிருந்து விண்டோஸ் மெஷினுக்குள் போகும் வழி, விஎம் என்பது மெய்நிகர் மெஷின்.) மெஷின் ஓடுகிறதா, சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உள்பிரிவில்) ஒரு என்எஸ்ஜி, நெட்வொர்க் கார்டில் ஒரு என்எஸ்ஜி, இரண்டிலும் அனுமதி இருக்கிறதா, நெட்வொர்க் வாட்ச்சரில் ஐபி ஃப்ளோ வெரிஃபை (போக்குவரத்து அனுமதிக்கப்படுகிறதா என்று சோதிக்கும் வசதி) என்ன சொல்கிறது, ரூட் டேபிள் யாராவது மாற்றினார்களா, கடைசியில் உள்ளே விண்டோஸ் ஃபயர்வால், அதற்கு நெட்வொர்க் இல்லாமலே உள்ளே போகும் சீரியல் கன்சோல் வழி என்று சொல்லிக்கொண்டே போனேன். இருபது நிமிடம் இதிலேயே ஓடியது. அதில் பாதி தேர்வுக்குப் படித்தது, பாதி டிக்கெட்டில் அடிபட்டது. சம்பள உயர்வில் சான்றிதழின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அப்போது ஆட்களுக்குக் கிராக்கி இருந்த நேரம்.

மூன்றாவது வழி, சான்றிதழே இல்லாமல் சொந்தமாக ஏதாவது கட்டிக் காட்டுவது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் டீமுக்கு வந்த ஒரு ஜூனியர் பெண், சான்றிதழ் எதுவும் இல்லை, ஆனால் டெராஃபார்மில் (கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் கருவி) ஒரு சின்ன சூழலை எழுதி கிட்ஹப்பில் (கோடைப் போட்டு வைக்கும் தளம்) வைத்திருந்தார், ஒரே கட்டளையில் எழுப்பவும் அழிக்கவும் முடிந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்று ஒவ்வொரு வரிக்கும் அவரால் காரணம் சொல்ல முடிந்தது. மறுபுறம், தேர்வில் 900-க்கு மேல் மதிப்பெண் வைத்திருந்த ஒருவரிடம், அஸூரில் ஒரு ஸ்லாஷ் 24 சப்நெட்டில் (மொத்தம் 256 முகவரி கொண்ட உள்பிரிவு) எத்தனை ஐபி நமக்குக் கிடைக்கும் என்று கேட்டேன், 256 என்றார். ஐந்தை அஸூர் எடுத்துக்கொள்ளும், 251தான். டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்வி பதில்கள்) மனப்பாடம் செய்து எழுதுவது எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஒழுங்காகப் படித்தவனின் சான்றிதழுக்கும் அவர்களால்தான் விலை குறைகிறது. ஆனாலும் அந்த ஜூனியர் உள்ளே வந்தது தெரிந்தவர் ரெஃபரலில். தெரிந்தவர் இல்லாதவருக்கு, எச்ஆர் வடிகட்டியைத் தாண்ட கிட்ஹப் லிங்க் மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

கல்லூரி முடித்து முதல் வேலை தேடுபவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். இரண்டு தேர்வும் இப்போது வேண்டாம். லினக்ஸும் நெட்வொர்க்கும் படியுங்கள், ஏதாவது தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்றால் ரெட் ஹாட்டின் லினக்ஸ் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏ எழுதுங்கள், அதில் விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது, மெஷினைக் கொடுத்துச் செய் என்பார்கள், 300-க்கு 210 வேண்டும். அதை நான் எழுதியதில்லை, எழுதி வந்தவர்களோடு வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அஸூர் என்று முடிவு செய்தால் இரண்டு விஷயம். இலவசக் கணக்கில் 30 நாளைக்கு 200 டாலர் கிரெடிட் கிடைக்கும், அதில் பழகும்போது விஎம்மை விண்டோஸுக்குள் போய் ஷட் டவுன் செய்தால் காசு ஓடிக்கொண்டேதான் இருக்கும். போர்ட்டலில் ஸ்டாப் கொடுத்து, டீஅலோகேட்டட் (மெஷின் விடுவிக்கப்பட்டது) என்று வந்தால்தான் மெஷினுக்கான மீட்டர் நிற்கும். எனக்கு இது நான்காவது நாள்தான் தெரிந்தது.

இன்னொன்று, தேர்வுக்குப் பதியும்போது சொந்த மெயில் ஐடியைக் கொடுங்கள். என்னோடு தேர்வு எழுதிய ஒருவர் ஆபீஸ் மெயிலில் பதிந்திருந்தார். வேலை மாறினார், புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அவரால் திறக்க முடியாத பெட்டிக்குப் போயிற்று. தேதி தாண்டிய பிறகு இலவசப் புதுப்பித்தல் கிடையாது, ஒரு நாள் தாண்டினாலும் முழுத் தேர்வுதான், முழுக் கட்டணம்தான். அவர் மறுபடி 100 நிமிடம் உட்கார்ந்து எழுதினார். ஏற்கெனவே ஆபீஸ் மெயிலில் பதிந்திருந்தால், நோட்டீஸ் பீரியட் முடிவதற்குள் ப்ரொஃபைலைச் சொந்தக் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.