வாடகைக் கொலு: பத்து நாள் வைத்துப் பார்த்ததில்

ஆகஸ்டில் முழங்கால் அறுவை சிகிச்சை. குனிந்து நிமிர்ந்து படி கட்ட முடியாது. கொலு இல்லாமல் நவராத்திரியைக் கழிக்கவும் மனம் ஒப்பவில்லை. அதனால் 2025இல் எங்கள் வொயிட்ஃபீல்டு ஃப்ளாட்டுக்கு ஒரு ‘கொலு பேக்கேஜ்’ எடுத்தேன். ஏழு படி, பொம்மைகள், விளக்கு அலங்காரம், 30 தாம்பூலப் பை, சனி ஞாயிறுக்குச் சுண்டல், எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். பெங்களூரில் இப்போது பலர் இதைச் செய்வதால், ஒருவர் பெயரை மட்டும் இங்கே எழுத விருப்பமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகாளய அமாவாசை அன்று நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள், நாலுக்கே வந்தார்கள். இரும்புச் சட்டப் படி, கொஞ்சமும் ஆடவில்லை. இரண்டு பையன்கள் ஒன்றரை மணி நேரத்தில் அடுக்கி முடித்து, கூடத்தையும் பெருக்கிக் கொடுத்தார்கள். நான் இருந்த நிலையில் அது பெரிய உதவி.

ஆனால் மேல் படியில் ஆணும் பெண்ணுமாக இருக்கும் மரப்பாச்சி ஜோடி இல்லை. கேட்டதற்கு, “செட்டில் அது வராது மேடம்” என்று ஃபைபரில் செய்த ராஜா ராணியை வைத்தார்கள். எதிர் வீட்டு மைசூரு அம்மா உள்ளே வந்ததும் கண்ணால் தேடியது மரப்பாச்சி ஜோடியைத்தான். அவர்கள் பக்கம் அதற்குப் ‘பட்டத கொம்பெ’ என்று பெயர். கல்யாணத்தில் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணோடு வருவது. நம் வீடுகளில் மரப்பாச்சியும் அப்படி வந்ததுதானே. அவருடைய பேத்தி தசாவதார செட்டைக் காட்டி, “இது எப்போ வாங்கினது பாட்டி?” என்று கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. கும்பகோணத்தில் என் அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் ஓடியிருக்கும். செட்டியார் பொம்மை நான் பிறந்த வருஷம் வந்தது, கிருஷ்ணரின் புல்லாங்குழலை உடைத்தது அண்ணன், இப்படி.

வியாபாரம் வந்துதான் பண்டிகை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் மண் பிசைந்து பொம்மை செய்கிறவர்கள் நவராத்திரியை நம்பித்தான் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கியாக வேண்டும் என்பார் அம்மா. அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் வாங்கிய பொம்மை வீட்டிலேயே தங்கியது, அடுத்த வருஷம் பெட்டியிலிருந்து பழைய வேட்டித் துணியைப் பிரித்து எடுக்கும்போது நமக்கு அதை அடையாளம் தெரிந்தது.

சுண்டல் சீல் வைத்த டப்பாவில் ஆறிப்போய் வந்தது. உப்பு சரி, கடலைதான் வேகவில்லை. தாம்பூலப் பையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், சீப்பு, கண்ணாடி. கூடவே அவர்களுடைய தள்ளுபடி அட்டை. சுமங்கலிப் பெண்ணைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்துக் கொடுக்கும் தாம்பூலத்தில் விளம்பரத்தை எப்படிக் கொடுப்பது? முப்பது பையையும் பிரித்து அட்டையை எடுத்தேன்.

அப்புறம் நாள் கணக்கு. அந்த வருஷம் திதி நீண்டதால் செப்டம்பர் 22இல் தொடங்கி, அக்டோபர் 1இல்தான் சரஸ்வதி பூஜை வந்தது. ஒப்பந்தம் ஒன்பது நாளுக்கு. பத்தாம் நாளுக்கு 1,800 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள், கொடுத்தேன். விஜயதசமி காலை பதினொரு மணிக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், வேறு இடத்தில் நிகழ்ச்சியாம். அன்று ராத்திரிதான் ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். படுக்க வைக்க வீட்டில் பொம்மை இல்லை. கடைசியில் பேரனின் கர்நாடகச் சென்னபட்டணத்து மரப்பொம்மையை மணையில் கிடத்தினேன். அவன் அதற்குத் தன் கைக்குட்டையைப் போர்த்திவிட்டான். அந்தப் பத்து நாளில் மனம் நிறைந்தது அப்போதுதான்.

முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. கேட்டால் படியை மட்டும் தனியாகத் தருகிறார்கள், 6,500 ரூபாய், கட்டிக் கொடுத்துக் கழற்றியும் போவார்கள். அதை மட்டும் எடுங்கள், விஜயதசமிக்கு மறுநாள் வரச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ஐந்து பொம்மை இருந்தாலும் சரி, அவை உங்களுடையதாக இருக்கட்டும். அம்மாவின் மரப்பாச்சி அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வருகிறேன்.