பதினெட்டுக்குப் பிறகு எங்கே? பயிற்சி நிலையமா, வேலைத்தளமா, வீட்டுத் தொழிலா

விசேட கல்விப் பிரிவில் படிப்பிக்கிற என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், இனி இவனை எங்க விடுறது?" அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை பாடசாலை வயது முடியும் வரை எப்படியோ வந்துபோகும். சாதாரண தரம் எழுதாமல் வெளியே வந்த பிறகு வீட்டு முற்றமும் டிவியும்தான் மிச்சம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் வழிகள் சில இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை எல்லாம் ஒரே தரம் இல்லை.

முதலில் விடுதியோடு கூடிய அரச நிலையங்கள். சமூக சேவைகள் திணைக்களம் கம்பஹா மாவட்டத்துச் சீதுவையில் நடத்துவது இதற்கு ஓர் உதாரணம். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பிக்கலாம். தன் உடுப்பைத் தானே துவைக்கவும், நேரத்துக்கு எழும்பவும், அம்மா ஊட்டாமல் சாப்பிடவும் விடுதி வாழ்க்கை பழக்கும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் பெரிய கஷ்டம். சீதுவை மெஷினில் தைத்தவர் களுவாஞ்சிகுடித் தையல் கடை மெஷினுக்கு முன்னால் திகைத்து நிற்கலாம். நிலையத்தில் தமிழில் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்க்கும் முன்பே கேளுங்கள். மொழி விளங்காத விடுதியில் பிள்ளை வாயடைத்துப் போய்விடும்.

அடுத்தது, தொண்டு நிறுவனங்கள் ஊரிலேயே நடத்தும் பகல்நேர நிலையங்கள். கால்மிதி, ஊதுபத்தி, மெழுகுதிரி, கொஞ்சம் தையல். பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பார்கள், தாய்க்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அடிக்கடி வலிப்பு வருபவர்களுக்கும் எந்நேரமும் துணை வேண்டியவர்களுக்கும் இதுதான் சரியான இடம் என்று தயங்காமல் சொல்வேன். மற்றவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பயிற்சி முடியவே முடியாது. வருடக்கணக்காகக் கால்மிதி பின்னுகிற ஒருவரை இன்னும் "பயிலுநர்" என்று எழுதி, சம்பளத்துக்குப் பதில் கைச்செலவு கொடுப்பார்கள். சேர்க்கப் போகும்போது சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்து மயங்காமல், இங்கிருந்து வெளியே வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலை வைத்து முடிவெடுக்கலாம்.

கனடாவில் இருக்கும் மாமாமார் போனில் சொல்வதைக் கேட்டு, "இவளையும் கொலிஜுக்கு விடலாமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அங்கே அது உண்மைதான். அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் 1987 முதலே அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் மற்ற மாணவர்களோடு வகுப்பில் உட்கார வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் இப்படியான மாணவர்களுக்கும் அரச நிதியுதவி பெற வழி திறந்தது. நம் பல்கலைக்கழக வாசலில் உயர்தர வெட்டுப்புள்ளி நிற்கிறது. அதனால் கொலிஜுக்குக் கிட்டத்தட்ட ஈடாக இங்கே இருப்பது தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்றவற்றின் சாதாரண வகுப்புகள்தான். இலேசான குறைபாடு மட்டும் உள்ள, எழுத வாசிக்க ஓரளவு வருகிற பிள்ளைக்கு, பொறுமையான போதனாசிரியர் கிடைத்தால், பேக்கரி அல்லது சமையல் வகுப்பு நல்லது. எழுத்துப் பாடத்தில் தடுமாறுகிறவர்கள் அங்கே கடைசி வாங்கில் காணாமல் போவார்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு வகுப்பு ஒன்றுதான் வழி என்றில்லை. வேலை அனுபவத்தைக் காட்டி, செய்முறை மதிப்பீட்டில் தேறியும் எடுக்கலாம்.

அதனால்தான் நான் வேலைத்தளத்தின் பக்கம் நிற்கிறேன். பழக்கிவிட்டு வேலைக்கு அனுப்புவது பழைய முறை. வேலையில் இருத்திவிட்டு அங்கேயே பழக்குவது இதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் 1970களில், "இவர்களால் முடியாது" என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு சைக்கிள் பிரேக் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார், அவ்வளவுதான். 1996 இல் சின்சினாட்டிச் சிறுவர் மருத்துவமனையில் தொடங்கிய திட்டமொன்று ஆஸ்பத்திரியையே வகுப்பறையாக்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

நம் ஊர் பேக்கரி ஒன்றில் இதே முறை நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாணவன் ஒருவனுக்கு வகுப்பில் மணி வைத்து எண்ணச் சொன்னால் நான்குக்கு மேல் குழம்பும். பேக்கரியில் ஒரு பைக்கு ஆறு பணிஸ். அவனுடைய அக்கா ஒரு தட்டில் ஆறு வட்டம் கீறிக்கொடுத்தாள். வட்டத்துக்கு ஒன்றாக வைப்பான், தட்டு நிறைந்ததும் பையில் போடுவான், வாயைச் சுருட்டி டேப் ஒட்டுவான். எண்ணவே தேவையில்லை. தொடக்கத்தில் அக்கா பக்கத்திலேயே நின்றாள், பிறகு வாசலில், அப்புறம் போனில் மட்டும். ஒருநாள் பணிஸ் பெரிதாக வந்து வட்டத்துக்குள் அடங்கவில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். பக்கத்தில் வேலை செய்த பொடியன்தான், "வெளிய நின்டாலும் பரவால்ல மச்சான், வை" என்றான். வகுப்பறையில் இந்தப் பாடத்தை என்னால் நடத்தியிருக்கவே முடியாது.

இதிலும் குறை உண்டு. வேலைத்தளத்தில் கூட நின்று பழக்குகிற ஆளுக்கு இங்கே சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. அக்காவோ, தொண்டு நிறுவன வெளிக்கள உத்தியோகத்தரோதான் நிற்க வேண்டும். பஸ் இன்னொரு தடை. கல்முனை பஸ்ஸையும் அக்கரைப்பற்று பஸ்ஸையும் பிரித்தறிய, இறங்குமிடத்தில் மணி அடிக்க, வேலை தொடங்கும் முன்பே பல தடவை கூடப்போய்ப் பழக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, "பாவம், சும்மா வந்து நிக்கட்டும்" என்கிற முதலாளி. தேநீரும் பணிஸும் கொடுத்து நாள் முழுக்க வேலை வாங்குவது இரக்கம் ஆகாது. 2016 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்தத் தொகை மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்ட வேண்டும். இந்தப் பேச்சை முதல் நாளே பேசிவிடுங்கள்.

வீட்டுத் தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழி, இடியப்பம், மருதமுனையில் என்றால் தறிக்கு நூல் சுற்றுதல். பெண் பிள்ளையை வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு இது வசதி. ஆனால் பிள்ளையின் உழைப்பு குடும்பக் கணக்கில் கரைந்துவிடும். உம்மாவோ அம்மாவோ படுத்துவிட்டால் தொழிலும் படுத்துவிடும். கூடவே ஒரு தம்பியோ மச்சாளோ அந்தத் தொழிலைப் பழகாவிட்டால் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அரச வேலையில் 3 வீத ஒதுக்கீடு உண்டே என்று சிலர் காத்திருக்கிறார்கள். 1988 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அது. வேலைக்குரிய தகைமை உள்ளவர்களுக்கே அந்த ஒதுக்கீடு. பரீட்சை எழுதாத நம் பிள்ளைகளை அது எட்டுவதில்லை. அதை நம்பி வருடங்களை விடாதீர்கள்.

நான் பெற்றோருக்குச் சொல்கிற ஒழுங்கு இது. பதினாறு வயதானதுமே வாரத்தில் ஒரு அரை நாள் தெரிந்த கடையொன்றில் நிறுத்திப் பாருங்கள். சத்தம் பிடிக்கிறதா, ஆட்களோடு நிற்கிறதா, எந்த வேலையில் கை ஓடுகிறது என்று அதில் தெரிந்துவிடும். பகல்நேர நிலையத்தில் சேர்த்தாலும் வெளியேறும் திகதியைப் பேசிக்கொண்டு சேருங்கள். பிள்ளையின் குறைபாட்டுக்காக அரச மாதக் கொடுப்பனவு பெறுகிற குடும்பம் என்றால், வேலைக்குப் போனால் அதற்கு என்ன ஆகும் என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல வீடுகளில் பிள்ளையை வேலைக்கு விடாமல் தடுப்பது இந்தப் பயம்தான். சம்பளம் வரத் தொடங்கியதும் வங்கிப் புத்தகத்தைப் பிள்ளையின் பெயரிலேயே திறந்து, காசெடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.